மஞ்சள் விளக்கு எரிந்த வாரம்

எனக்கு அப்போது வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் நிற்கிற வண்டியின் என்ஜின் எப்படி ஓட வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் எங்கள் குடித்தனமே அந்தச் சத்தத்துக்குள்தான் நடந்தது.

அப்போது நாங்கள் சேவூரில் குடியிருந்தோம். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங். தைத்து வரும் உருப்படியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டி, ஓட்டை, கறை இருந்தால் ஒதுக்கிப் போடும் வேலை. என் வீட்டுக்காரர் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் ஷெட்டில் மிஷின் ஓட்டினார், எப்போதும் நைட் ஷிப்ட்தான். நான் சோறு கட்டி முடிக்கும்போது தலையெல்லாம் பஞ்சோடு வந்து நிற்பார். ஒரு டம்ளர் காபியைக் குடித்துவிட்டு பைக்கில் என்னைக் கம்பெனியில் கொண்டுபோய் விடுவார். சாயங்காலம் கூட்டிவந்து வீட்டில் இறக்கிவிட்டு ஷெட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தது அந்த வண்டி மேல்தான்.

ஓடுகிற வண்டியில் பாதிப் பேச்சைக் காற்று கொண்டுபோய்விடும். மீதியைக் கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்று பேசுவோம். என்ஜினை மட்டும் அணைக்க மாட்டார். அணைத்துவிட்டு நின்றால் பொண்டாட்டியோடு கதை பேசுகிறான் என்று வாட்ச்மேன் சிரிப்பார். ஓடிக்கொண்டிருந்தால் இதோ கிளம்பப் போகிற ஆள் என்று கணக்கு. சங்கு ஊதும் வரைக்கும் அவர் கிளம்பப் போகிற ஆளாகவே நிற்பார். நான் முந்தைய நாள் சூப்பர்வைசரிடம் வாங்கிய திட்டை எல்லாம் கொட்டுவேன். அவர் தூக்கம் சொருகிய கண்ணோடு "அப்பறம்? அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

கம்பெனி வேன் எங்கள் ஊர் வழியாகத்தான் வரும். அதில் போய்விட்டால் அவர் நேரத்தில் படுக்கலாமே என்று எனக்கு ஆரம்பத்திலேயே தோன்றியது. "வேன்ல எடமில்லையாமா புள்ள, நான் கேட்டுப் பாத்துட்டேன்" என்றார். சரி, நம் யோகம் அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

வண்டி மேல் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கார்புரேட்டர் இல்லாத வண்டிகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. எங்களுடையது அதில் ஒன்று. பெட்ரோலை எவ்வளவு தெளிக்க வேண்டும் என்று உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது என்று தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்திச் சொல்வார். பஞ்சில் வேலை செய்கிற ஆளாகையால், வண்டிக்குள்ளும் பஞ்சு போயிருக்கும் என்ற பயம் வேறு. ஞாயிறு தவறாமல் சீட்டைக் கழற்றி, ஏர் ஃபில்டரைத் தட்டித் துடைப்பார். துடைக்க நான்தான் கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் கொண்டுவந்து கொடுப்பேன். எங்கள் பக்கம் எதற்கும் அந்தத் துண்டுத் துணிதான். அடுப்புச் சட்டி இறக்க, சைக்கிள் துடைக்க, குழந்தைக்கு மூக்குச் சிந்த, எல்லாவற்றுக்கும் அதுவே.

ஒரு திங்கட்கிழமை கேட்டுக்கு எதிரே பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி இருமியது. ஒரு குதி குதித்து, அடங்கி, நின்றுவிட்டது. திரும்ப ஸ்டார்ட் செய்தார். மீட்டரில் தண்ணீர் மோட்டார் மாதிரி ஒரு படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பிடித்தால் ஓடியது, கையை எடுத்தால் வலிப்பு வந்தது போல நடுங்கி அணைந்தது. அன்று சங்கு ஊதும் வரைக்கும் அவர் திருகிக்கொண்டே நின்றார், அந்த இரைச்சலில் என்ன பேசுவது?

அதற்குப் பிறகு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பெட்ரோல் சரியில்லை என்றார் ஒருவர், இவர் டேங்கையே காலி செய்து வேறு பெட்ரோல் ஊற்றினார். பிளக் என்றார் இன்னொருவர், அதுவும் புதிதாக வந்தது. அவிநாசியில் எங்கள் வழக்கமான மெக்கானிக் பழக்க தோஷத்தில், நின்று ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐட்லிங் ஸ்குரூவைத் தேடினார். இந்த வண்டியில் அப்படி ஒன்று இல்லை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "இது டாக்டர்கிட்ட போற கேஸுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டார். திருப்பூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வயர் சொருகிப் பெட்டியில் பார்த்தார்கள். காற்று போகிற வாய்ப்பக்கம்தான் கோளாறு, மொத்தமாகக் கழற்றிப் புதிது போட வேண்டும், சாமான் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

திரும்பி வரும் வழியில்தான் அது நடந்தது. அவிநாசி முக்கில் ரோட்டைக் கடக்கும்போது பட்டென்று அணைந்துவிட்டது. பின்னால் லாரி. அவர் காலால் உந்தி உந்தித் தள்ள, நான் குதித்து இறங்கிப் பின்னாலிருந்து தள்ள, லாரிக்காரன் எங்கள் இரண்டு குடும்பத்தையும் வாய்க்கு வந்தபடி விசாரித்துவிட்டுப் போனான். ஓரம் சேர்ந்ததும் அவர் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டார்.

"உன்னைய உக்கார வெச்சுட்டு இனி இதுல வர மாட்டேன்" என்றார். தாராபுரத்தில் தெரிந்தவர் ஒருவர் வண்டியை இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவாராம். ஷெட்டுக்கு இவர் கூட வேலை செய்பவர் வண்டியில் தொத்திக்கொள்வார். "நாளைக்கிருந்து நீ வேன்ல போயிரு. எடம் காலியாயிருக்குதாமா."

மறுநாள் வேனில் ஏறினேன். பாதி சீட் காலி. டிரைவர் அண்ணன் வயதானவர், சாந்தமான மனிதர். "ஏனுங்ண்ணா, இப்பத்தான் ஆளுக நின்னுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எங்கம்மிணி? என்னைக்குமே இப்புடித்தான் போவுது. நீ வேலைக்குச் சேந்தப்பவே நான் உன்ற ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், ஏத்திக்கறேன்னு. வேண்டாமுங்க, நானே கொண்டாந்து உட்டுக்கறேன்னுட்டாப்ல."

முதலில் எனக்குக் கோபம்தான் மூக்குக்கு மேல் வந்தது. ராத்திரி பூராவும் மிஷினோடு நின்றுவிட்டு, படுக்கிற நேரத்தில் எதற்கு இந்தப் பொய்? கொஞ்ச தூரம் போனதும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு மனுஷன் தூக்கத்தை விற்று எனக்காக அந்தக் கேட்டோரம் நின்றிருக்கிறார். அந்த வண்டியைத் தாராபுரத்துக்கு அனுப்பக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வேன் விஷயத்தை அவரிடம் நான் மூச்சு விடவில்லை. ஞாயிறு மத்தியானம், "கடைசியா ஒருக்கா கழட்டிப் பாப்போமுங்க, நான் டார்ச் புடிக்கறேன்" என்றேன். வேண்டா வெறுப்பாக உட்கார்ந்தார். சீட்டைக் கழற்றினார், ஃபில்டர் டப்பாவை எடுத்தார், என்ஜினுக்குக் காற்று போகும் வாய் தெரிந்தது. உடனே கட்டிங் வேஸ்ட் ஒன்றைச் சுருட்டி அந்த வாய்க்குள் அடைத்தார்.

"அது எதுக்குங்க?"

"தூசி உள்ள போயிரப்படாதில்ல. எப்பவும் அடைச்சு வெச்சுட்டுத்தான் தொடைப்பேன்."

எனக்குத் துணிப் பிசிறு ஞாபகம் வந்தது. "எடுங்க, எடுங்க" என்று நானே அதைப் பிடுங்கினேன். வெட்டின பனியன் துணி, ஓரம் தைக்காதது. ஒரு முனையை இழுத்தால் வரிசை வரிசையாகப் பிரிந்துகொண்டே வரும். அதைப் பின்னுவது அவர் பிழைப்பு, பிசிறு பார்ப்பது என் பிழைப்பு. ஊருக்கெல்லாம் பார்க்கிற இரண்டு பேருக்கும் சொந்த வண்டியில் தோன்றவில்லை பாருங்கள்!

ஆக்ஸிலேட்டரைத் திருகச் சொன்னேன். உள்ளே வட்டமான மூடி ஒன்று திறந்தது. அதன் ஓரத்தில், கரியும் பஞ்சும் அப்பிய ஒரு பூச்சி மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நூல் வெட்டும் ட்ரிம்மரின் மூக்கால் மெதுவாகக் கவ்வி இழுத்தேன். வந்தது. இன்னும் வந்தது. மூடிக்குப் பின்னால் இருந்த சின்னத் துளைக்குள்ளிருந்து சுருள் சுருளாக வந்து முடிந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். கறுப்புக்குள்ளே கத்தரிப்பூ நிறம்.

"இது எங்க கம்பெனி ஆர்டரு கலரு" என்றேன். "போன மாசம் நாந்தான் கொண்டாந்து குடுத்தேன்."

"அப்பக் கோளாறு உன்றதுதான்" என்றார், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

"அடைச்சது ஆருங்க?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வண்டியை மாட்டி ஸ்டார்ட் செய்தார். நடுக்கம் இல்லை. ஆனால் மஞ்சள் விளக்கு போகவில்லை. அவர் யோசித்து, பேட்டரி வயரைக் கழற்றி, சற்று விட்டு மாட்டினார். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது, என்ஜின் பிடித்ததும் அணைந்தது. கையை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தார். வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தாராபுரத்துக்காரர் வந்தபோது காபி கொடுத்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பினோம்.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு வண்டி இருக்கிறது, அவருக்கும் பகல் வேலைதான். ஒரே கூரைக்குக் கீழே பொழுதுக்கும் இருக்கிறோம். ஆனாலும் சிக்னலில் ஏதாவது ஒரு வண்டி சீராக நின்று ஓடும் சத்தம் கேட்டால் எனக்கு அந்தக் கேட்டோரம் ஞாபகம் வந்துவிடுகிறது. அந்த நாட்களை விடச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

வண்டி சரியானதற்கு மறுநாள் திங்கட்கிழமை. வேன் டிரைவர் அண்ணனுக்குச் சொல்லிவிட மறந்துவிட்டோம். நாங்கள் வீட்டு முன்னால் கிளம்பி நிற்கும்போதே வேன் வந்து ஹாரன் அடித்தது. "ஏறு அம்மிணி" என்றார் அண்ணன், கதவைத் திறந்து வைத்தபடி. உள்ளே பாதி சீட் காலியாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் திரும்பவே இல்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டு, காதெல்லாம் சிவக்க உட்கார்ந்திருந்தார். வண்டி அவருக்குக் கீழே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

நான் அவர் பின்னால் ஏறி, தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"வேன்ல எடமில்லீங்ளாமாண்ணா" என்றேன்.