அவர் விட்டுப்போன 213

என் வீட்டுக்காரர் தவறி நாலு மாதம் ஆகிறது. அவர் போனில் பலூன் வெடிக்கிற கேம் ஒன்று. 213-வது லெவலிலேயே மாட்டிக்கொண்டு கிடந்தார். "நீ தொட்டா கெடுத்துடுவ" என்று என்னிடம் தரவே மாட்டார்.

இன்று கம்பெனி பஸ்ஸில் நானே ஆடினேன். கடைசி ஒரு பலூன்தான் பாக்கி. எவ்வளவு தேய்த்தாலும் போன் கேட்கவில்லை.

பக்கத்து சீட் ஷபானா அக்கா சிரித்தார். "இன்னாடி, நாளெல்லாம் ஷூவுக்குப் பசை தடவிட்டு அதே விரலால தேய்க்கிற? காஞ்சிப்போயி தோல் மாதிரி ஒட்டிக்கினு இருக்கு பாரு. விரல் முட்டியால தொடு!"

விரலை மடக்கி முட்டியால் தொட்டேன். வெடித்தது! அக்கா கத்திய கத்தலில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

திரையில் "வாழ்த்துகள் குமார்" என்று வந்தது.

ஆடினது நான், பேர் அவருக்கு. கல்யாணம் ஆனதிலிருந்தே இப்படித்தான்.

214 தாண்டினவங்க யாராவது வழி சொல்லுங்க. அவரை இங்கேயே நிறுத்த மனசில்லை.