அந்த நாளுக்கு என்ன பெயர் போடுவது?

பிளக்ஸ் கடைக்காரிக்குக் கட்சி கிடையாது. எல்லாக் கட்சியும் வாடிக்கைதான். அல்லிநகரத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது. போஸ்டர், பேனர் வேலையில் இருக்கும் சக பாவிகளே, நான் சொல்லப்போவதை நீங்களும் பட்டிருப்பீர்கள்.

போன வருடம், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு சாலை மறியல். போலீஸ் தடியெடுத்தது, கல்லும் பறந்தது. எது முதலில் என்பதில் ஊர் இரண்டாகிவிட்டது. நெரிசலில் ஒருவர் இறந்துபோனார். அந்த நாளை என்னவென்று அச்சடிப்பது என்பதுதான் என் தலைவலி.

ஒரே பெஞ்சில் இருவர்

மறியலுக்கு மறுநாள் காலையில் விவசாயச் சங்கத்துக்காரர் வந்தார். 'காட்டுமிராண்டித் தடியடியைக் கண்டிக்கிறோம்' என்று போடச் சொன்னார். அவர் எழுந்திருப்பதற்குள் எதிர்த்தரப்பு ஆள் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு வேண்டியது 'திட்டமிட்ட கலவரத்தை அடக்கிய காவல்துறைக்கு நன்றி'. இருவரும் சொந்தக்காரர்கள்தான், டீயைப் பகிர்ந்து குடித்தார்கள்.

போஸ்டரின் அடியில் என் கடைப் பெயர் இருக்கும். வில்லங்கம் வந்தால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் இரண்டு பேரிடமும் 'அசம்பாவிதம்' என்று போட்டுக்கொள்ளலாமே என்றேன். சங்கத்துக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“அக்கா, கலவரம்னா எங்களுக்குக் கோவம், தடியடின்னா இவுகளுக்குக் கோவம். நீங்க சொல்றதப் போட்டா ரெண்டு பேருக்கும் கோவம்.”

ஸ்டேஷன் ரைட்டரின் தீர்ப்பு

பேனர் கட்ட ஸ்டேஷனில் அனுமதி வேண்டும். மாதிரியை ஒரு தாளில் எடுத்துக்கொண்டு நானே போனேன். அங்கே எழுத்து வேலை பார்க்கும் ஏட்டையா நிதானமாகப் படித்தார். 'தடியடி'யை அடித்தார், 'கலவர'த்தையும் அடித்தார். 'தள்ளுமுள்ளு' என்று போடட்டுமா என்று கேட்டேன். தள்ளினது யாரு என்று கேட்பான் என்று அதையும் அடித்தார். கடைசியில் அவரே ஒரு சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

“நிகழ்வுன்னு போடும்மா. கல்யாணமும் நிகழ்வுதான், கருமாதியும் நிகழ்வுதான்.”

நன்றி யாருக்கு?

ஏட்டையா வாக்கு பலித்துவிட்டது. நம் தொழிலில் யார் புதிதாக டிசைன் செய்கிறோம்? பழைய பைலைத் திறந்து பெயரை மாற்றுவோம், படத்தை மாற்றுவோம், அவ்வளவுதான். இந்த வருடம், மறியலின் ஓராண்டு நினைவுக்குச் சங்கம் கேட்ட பேனருக்கு, போடியில் நடந்த ஒரு காதுகுத்து பைலைத் திறந்தேன். எல்லாவற்றையும் மாற்றினேன். அடி வரியை மட்டும் விட்டுவிட்டேன். பத்தடி பேனர் முச்சந்தியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது: 'நிகழ்வைச் சிறப்பித்த அனைவருக்கும் நன்றி'.

உடனே ஆளை அனுப்பி இறக்கச் சொன்னேன். சங்கத்துக்காரர் பேனரைச் சுருட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். ஆனால் திட்டவில்லை.

“ஏக்கா, இந்த நன்றி அடி வாங்குனவுகளுக்கா, அடிச்சவுகளுக்கா?”

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ

அதே வாரம், இறந்துபோனவரின் மனைவி வந்தார். மார்க்கையன்கோட்டைப் பக்கம், இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டருக்காகக் கணவரின் போட்டோவைக் கொண்டுவந்திருந்தார். போஸ்டரை நாங்களே அடித்துத் தருகிறோம் என்று இரண்டு தரப்பும் வீடு தேடிப் போயிருக்கிறார்கள். ஒருவர் 'தியாகி' என்று போடச் சொன்னாராம், இன்னொருவர் 'கலவரத்துக்குப் பலியானவர்' என்று.

“எதப் போட்டாலும் ஊருல பாதிப்பேரு தெவசத்துக்கு வரமாட்டாக தாயி. எங்க வீட்டுக்காரவுகளுக்கு எல்லாரும் வேணும். அம்புட்டுப் பேரும் வந்து சாப்பிடணும்.”

என்னிடம்தான் யாருக்கும் வலிக்காத சொற்கள் கைவசம் இருக்கின்றனவே! 'அசம்பாவிதத்தில் மறைந்த', 'துயர நிகழ்வில் உயிர் நீத்த' என்று ஒவ்வொன்றாகத் திரையில் அடித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அன்றைக்குக் கணவர் மறியலுக்கே போகவில்லை என்றார். மாட்டுக்குத் தீவனம் தீர்ந்துபோயிருந்ததாம்.

“புண்ணாக்கு வாங்கப் போனாக, வீட்டுக்கு வரலன்னு போடு. அதுல யாருக்குத் தாயி கோவம் வரும்?”

யாருக்கும் கோபம் வராத சொல்லைத் தேடியே பன்னிரண்டு வருடம் காலம் தள்ளிய எனக்கு, அந்த ஒரு போஸ்டரை அடிக்கும்போதுதான் யார் மேல் என்று தெரியாமல் அப்படி ஒரு கோபம் வந்தது.