அம்மை குத்த வந்தவரின் மீசை

என் மகனுக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். அழுதால் உதடு நீலம் பாரித்துவிடும். அவனை அழவிடாமல் பார்த்துக்கொள்வதே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வேலை.

அந்த நாளில்தான் எங்கள் மலையூரான குரங்கணிக்கு அம்மை குத்துகிறவர் வந்தார். குத்துக்குப் பயந்து ஊரார் தங்கள் பிள்ளைகளை ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில் ஒளித்தார்கள். "நீயும் வெரசா தூக்கிட்டுப் போ ஆத்தா," என்றார் மாமியார். குத்தினால் அழுவான், குத்தாவிட்டால் பெரியம்மை வரலாம். படித்திருந்தும் எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. உள்ளதையெல்லாம் குத்த வந்தவரிடமே சொல்லிவிட்டேன்.

பருத்த மனிதர். பேசும்போதெல்லாம் நரைத்த மீசையை முறுக்கிக்கொள்வார். கேட்டு முடித்ததும் குனிந்து அந்த மீசையைப் பிள்ளையிடம் நீட்டினார்.

"இந்தா அப்பு, மொதல்ல நீ என்னைய ஒரு வழி பண்ணு."

அவன் இரு கைகளாலும் பிடித்து இழுத்தான். "ஆத்தா, பிள்ளைய விடச் சொல்லு தாயி," என்று அலறிக்கொண்டே அவர் பிள்ளையின் தோளில் கீறி முடித்துவிட்டார். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தான். உதடு நிறம் மாறவில்லை.

"யாருக்குக் குத்துனாகன்னே தெரியலையே," என்று மாமியார் சிரித்தார்.

மீசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார். நல்ல நடிப்பு என்றே நினைத்தேன். பிறகு மகனின் விரல்களை விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் நாலைந்து நரைமுடிகள் இருந்தன.