மாஸ்டர் சொல்ல நினைத்த திருத்தம்

நான் குடியிருக்கும் அமெரிக்கச் சிறுநகரில் சனிக்கிழமைகளில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகக்கூடாது. இது தெரியாமல், தள்ளுபடியில் கிடைத்த சிவப்பு ஸ்வெட்டரோடு ஒருநாள் கடைக்குப் போய்விட்டேன். கல்லாவில் இருந்த அம்மாள் பால் கேனைத் தொடாமல் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீயும் அந்தக் கூட்டமா?" என்றார். நம் ஊர்க்காரனுக்குச் சிவப்பு என்றால் கொடியும் ஊர்வலமும்தானே? விசா போச்சு, வேலை போச்சு, பெட்டி கட்டவேண்டியதுதான் என்று பயந்து, "நோ மேடம், நோ பார்ட்டி" என்றேன். அவர் முகம் சட்டென இளகியது. "சனிக்கிழமை அதுவுமா ஒரு பார்ட்டிகூட இல்லையா?" என்று பரிதாபப்பட்டுப் பாலைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

சிவப்பு, எங்கள் நகரத்துக்குப் பரம எதிரியான பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழக பாஸ்கெட்பால் அணியின் நிறமாம். அண்டைவீட்டுக் கேரி என்ற ஓய்வுபெற்ற தபால்காரர்தான் விளக்கினார். அதோடு விடாமல் ஒரு ஆட்டத்துக்கும் அழைத்துப் போனார். அங்கே சிவப்பு அணியின் கோச், பந்தைத் தவறவிட்ட பையனின் தோளில் கைபோட்டு ஏதோ மெல்லச் சொன்னார். பையன் சிரித்துவிட்டான். நான் என்னை மறந்து கைதட்டினேன். கேரி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "எங்கள் ஊரிலும் இப்படி ஒரு எதிரணிக் கோச் உண்டு, பீர் மாஸ்டர்" என்றேன். "பீரில் மாஸ்டரா? அவரை எனக்கும் அறிமுகப்படுத்து" என்றார் கேரி. பீர் முகமது மாஸ்டர் டீயைக்கூட அரை கிளாஸோடு நிறுத்துபவர் என்பதை விளக்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

நான் இராஜபாளையம். மாஸ்டர் ஸ்ரீவில்லிபுத்தூர். இடையில் பஸ்ஸில் அரைமணி நேரத் தூரம்தான்; பாஸ்கெட்பால் என்று வந்துவிட்டால் கடல் தாண்டிய தூரம். எங்கள் கல்லூரி அணியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. பந்து என்னைத் தேடி வந்தால் நான் வேறு திசையில் ஓடுவேன். ஆனால் தொண்டை இருந்தது. ஆகவே எதிரணியைக் கேலி செய்து கத்தும் கூட்டத்துக்கு நான்தான் தலைவன். "பால்கோவாக் கையி, பந்து வழுக்குதுடோய்" என்று நான் எடுத்துக்கொடுப்பேன். "நாய் வளக்குற ஊரு, நாலு பாயிண்ட் போடு பாரு" என்று அந்தப் பக்கமிருந்து மாரியப்பன் பதில் கொடுப்பான். அவன் அவர்கள் ஊரின் தொண்டை. ஆட்டம் முடிந்தபின் நாங்கள் இருவரும் ஒரே கடையில் கம்மிய குரலில் டீ கேட்போம்.

மாஸ்டர் கோர்ட்டில் கத்தமாட்டார். ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்த டைம் அவுட் கேட்டால், பையன்களைச் சுற்றி உட்காரவைத்து, சொம்பில் தண்ணீர் மொண்டு ஒவ்வொருவருக்கும் அவரே கொடுப்பார். கடைசிப் பையன் குடித்து முடித்தபின் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். பையன்கள் எழுந்து போய் வேறு ஆட்டம் ஆடுவார்கள். அந்த ஒற்றை வாக்கியம் என்ன என்று கேட்பதற்காகவே பாதி ஆட்டங்களில் என் கூட்டத்தை அவர்கள் பெஞ்சுக்குப் பின்னால் நிறுத்தினேன். பயமுறுத்தப் போனதாக எங்கள் ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

படிப்பின் கடைசி வருஷம், கடைசி ஆட்டம், பட்டை வெயில். நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். எங்கள் கேப்டனுக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது, மூச்சு வாங்குகிறான். எங்களிடம் டைம் அவுட் மிச்சமில்லை. எனக்குப் பதற்றம் வந்தால் மூளை வேலை செய்யாது, உடம்புதான் வேலை செய்யும். கோடு ஓரமாக மயங்கி விழுந்துவிட்டேன். மயங்கி என்றா சொன்னேன்? நடித்து. அதுவும் கீழே கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விழுந்த மயக்கம்.

ரெஃப்ரி அசையவில்லை. "பாக்க வந்தவன்தானய்யா, தூக்கி ஓரமாப் போடுங்க" என்றார். அப்போது மாஸ்டர் இரண்டு கைகளையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் காட்டினார். டைம் அவுட். அவர்களிடம் இருந்த ஒரே டைம் அவுட். சொம்போடு அவரே வந்து என் தலையை மடியில் வைத்தார். நெற்றியில் தண்ணீர் விழுந்தது. நான் எழப் பார்த்தேன். காதோரம் குனிந்து, "கண்ணத் தொறக்காதய்யா. செத்த படுத்திரு" என்றார்.

எங்கள் கேப்டன் கால் நீவிக்கொண்டான். கடைசி நொடிகளில் பந்து அவர்கள் கையில் இருந்தது. திட்டம் போட டைம் அவுட் இல்லை. கைமாறிக் கைமாறிப் பந்து வெளியே போனது. நாங்கள் ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தோளின் மேலிருந்து பார்த்தபோது மாஸ்டர் சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

நடிப்பு என்று தெரிந்தும் காட்டிக்கொடுக்காமல் கூட நடித்த மனுஷன். அப்படித்தான் இத்தனை வருஷமும் நம்பினேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போவேன். மாஸ்டர் வீட்டுத் தெருமுனை வரை போய், என்ன சொல்வது என்று தெரியாமல் பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

போன மார்ச்சில் ஒரு காலை, அலுவலக வாசலில் காரை நிறுத்தும்போது மாரியப்பனிடமிருந்து வாட்ஸ்அப். அவன் ஒவ்வொரு சொல்லாக அடித்து ஒவ்வொரு சொல்லாக அனுப்புகிறவன். "ஏலே" வந்தது. "மாஸ்டர்" வந்தது. "செத்த" வந்தது.

அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. காருக்குள்ளேயே அழுதேன். கண்ணைத் துடைத்த கையோடு, இரண்டு ஊர்ப் பழைய மாணவர்களும் இருக்கும் குழுவில் நீண்ட இரங்கல் எழுதினேன். மயக்கம், சொம்பு, மடி, நடிப்பு, எல்லாவற்றையும். "என் பொய் தெரிந்தும் என்னைக் காப்பாற்றி, எனக்காகத் தோற்ற மனிதர்" என்று முடித்து அனுப்பிவிட்டுத்தான் மாரியப்பனின் மிச்சச் சொற்களைப் பார்த்தேன். "நேரம்." "ஒங்கிட்ட." "பேசணுங்காவ."

செத்த நேரம். கொஞ்ச நேரம். பிறந்ததிலிருந்து கேட்ட சொல். நம் பக்கம் பெரியவர்கள் போனால் யாராவது 'செத்த' என்று சொல்வார்களா? 'தவறிட்டாவ' என்போம், மாஸ்டர் வீட்டில் 'மௌத்' என்பார்கள். தெருவில் போகும் குழந்தைக்குத் தெரிவது, இருபது வருஷம் இங்கே இருந்த காதுக்குத் தெரியவில்லை.

மாரியப்பன் போனில் சிரித்துச் சிரித்து இருமினான். "ஏலே கூறுகெட்டவனே, ஆள் உசிரோட கட்டில்ல சாஞ்சு இருக்காவ. ஒடம்புக்குத்தான் செத்த முடியல. பழைய பிள்ளைக ஒவ்வொருத்தரையாக் கூப்பிட்டுப் பேசுதாவ. அதுக்குள்ள நீ அடக்கம் பண்ணிட்ட."

"அவிய படிச்சிட்டாவளா?"

"நாந்தான் வாசிச்சுக் காட்டினேன். ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாவ."

"திட்டினாவளா?"

"இல்லலே. பொறவு, அவன் என்னயக் கூப்பிடட்டும்னாவ. கூப்பிடுலே, தின்னுற மாட்டாவ."

கூப்பிட்டிருக்கலாம். எண் கையில் இருந்தது. அன்று வெட்கம். மறுநாள் ஒரு தாளில் பேச வேண்டியதை எழுதினேன். முதல் வரி 'சலாம் மாஸ்டர்' என்றா 'வணக்கம் மாஸ்டர்' என்றா என்பதிலேயே அந்த நாள் போனது. அதற்கடுத்த நாள் அங்கே தொழுகை நேரமாக இருக்குமோ என்று கணக்குப் போட்டேன். பிறகு அவர் தூங்கும் நேரம், பிறகு எனக்கு மீட்டிங். உயிரோடு இருக்கிற மனிதருக்கு இரங்கல் எழுதிய கையால் அவருக்கே எப்படிப் போன் போடுவது? சிரிப்பாகத்தான் இருக்கிறது. பதினோரு நாட்கள் சிரிப்பாகவே போயின.

பன்னிரண்டாம் நாள் மாரியப்பன் சொல் சொல்லாக அனுப்பவில்லை. ஒரே வரி. "மாஸ்டர் மௌத்தாயிட்டாவ."

இந்தச் சொல்லைத் தப்பாகப் படிக்க வழியே இல்லை. ஆனாலும் நான்கு தடவை படித்தேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் அவனிடம் கேட்கத் துணிந்தேன். "மாரி, எங்கிட்ட என்ன பேசணும்னு சொன்னாவளா?"

"பெருசா ஒண்ணுமில்லலே. நீ எழுதினதுல ஒரு எடம் தப்புன்னாவ. அத ஒங்கிட்டத்தான் சொல்லணும்னுட்டாவ."

"எந்த எடம்?"

"எனக்கென்ன தெரியும்? நீ கூப்பிடுவேன்னு போனப் பக்கத்துலயே வச்சிருந்தாவ."

அன்றிலிருந்து அந்த இரங்கலை வரிவரியாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பாயிண்ட் கணக்கு தப்பா? சொம்பு என்று எழுதியது கூஜாவா? அப்படியானால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஒரு வரியில் மட்டும் கண் நிற்கிறது. 'என் பொய் தெரிந்தும்.' அன்று வெயில் நேராக என் முகத்தில் அடித்தது. கண் கூசும் என்பதற்காகத்தான் திறக்காதே என்றாரோ? நிஜமாகவே மயங்கிய பிள்ளைக்குச் சொல்வதைத்தான் சொன்னாரோ? அவருக்குத் தெரியவே தெரியாதோ? அப்படியென்றால், அத்தனை வருஷம் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியதற்காகத் தோற்றோம் என்று நிம்மதியாக இருந்தவரிடம், கட்டிலில் கிடக்கும்போது, அதுவும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்கும்படி, அது வெறும் நடிப்பு என்று சொல்லியவன் நான்தான். அதற்குப் பிறகும் அவர் போனைப் பக்கத்தில் வைத்திருந்தார்.

மாஸ்டர் நினைவாக இரண்டு ஊர் ஆட்களும் அந்தப் பழைய கோர்ட்டில் ஒரு ஆட்டம் வைத்தார்கள். அங்கே சாயங்காலம், இங்கே விடிந்து கொஞ்ச நேரம். மாரியப்பன் வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் ஆட்கள் நாற்காலி இழுக்கும் சத்தம்.

"ஏலே, ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது. ஒன்ன எந்தப் பக்கம் வைக்க? ஒங்க ஊருப் பக்கமா, எங்க பக்கமா?"

"நீயே பாத்து வையிலே" என்றேன். அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஸ்கோர் எழுதும் மேஜையில், நடுவாக, தண்ணீர்ப் பாட்டிலில் என்னைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். இடது ஓரத்தில் எங்கள் ஊர்க்காரர்களின் முழங்கால்கள் தெரிந்தன. வலது ஓரத்தில் அவர்களுடைய முழங்கால்கள். யாருடைய முகமும் தெரியவில்லை. விசில் ஒலித்தது. மௌன அஞ்சலிக்காக இரண்டு பக்க முழங்கால்களும் ஒன்றாக நிமிர்ந்தன. நானும் அடுப்படியில் எழுந்து நின்றேன். ஜன்னலுக்கு வெளியே கேரி தன் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் அசையவில்லை.