வள்ளம் ஓடாத செவ்வாய்க்கிழமை

போன வருடம் நானும் அனலைதீவு றீற்றா அக்காவும் முன்பள்ளி ஆசிரியர் பயிற்சியை இணையத்தில் படித்தோம். இருவரும் ஒரே கடவுச்சொல்லில், ஒரே கட்டுரையைச் சேர்ந்து எழுதவேண்டும். எங்களுக்குக் கணினி கிடைத்தது ஊர்காவற்றுறையில் மட்டுந்தான். அக்கா வள்ளமேறி வருவா, நான் நாரந்தனையிலிருந்து சைக்கிளில் போவேன்.

ஒரு புதன்கிழமை கட்டுரையைத் திறந்தால், நான் எழுதிய மூன்று பக்கத்தைக் காணவில்லை. கடவுச்சொல் தெரிந்த மற்ற ஆள் அக்காதானே! என்னில் ஏதோ எரிச்சலிலே செய்துபோட்டா என்று நானே தீர்ப்பெழுதி, அவவைப் பயிற்சியிலிருந்து நீக்கச்சொல்லி விரிவுரையாளருக்கு மின்னஞ்சலும் அடித்துவிட்டேன். அனுப்பப் போக, முதுகுக்குப் பின்னால் அக்கா! முழுவதையும் வாசித்துவிட்டா.

பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, நேரத்தோடு தானாகவே பதிவாகியிருந்த கட்டுரையின் பழைய பிரதிகளைத் திறந்தா. பக்கங்கள் அழிந்தது செவ்வாய் காலை பத்து மணிக்கு.

“நேற்றுக் கடல் கொந்தளிச்சு வள்ளமே ஓடேல்லை. உம்மட மூண்டு பக்கத்தை அழிக்க நான் நீந்தியே வந்தனான்?”

அப்போதுதான் நினைவு வந்தது. செவ்வாய் அந்தப் பக்கங்களை இடம்மாற்ற வெட்டியெடுத்தவன் நான்தான். வேறிடத்தில் ஒட்டுவதற்கு முதல் கரண்ட் போக, எழும்பி வீட்டுக்குப் போய்விட்டேன்.

பழைய பிரதியிலிருந்து பக்கங்களை மீட்டுத் தந்ததும் அக்காதான். இப்போது ஆளுக்கொரு கடவுச்சொல். ஏதும் காணாமற்போனால், அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.