காஞ்சனாவை யாரும் கேட்கவில்லை

என் தங்கை காஞ்சனா சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பட்டப்பகலில், என் கண் முன்னால்தான் தன் காடியில், அதாவது காரில், சாமான் ஏற்றினாள். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன். பின்னால் போலீஸ்காரரும் சொந்தக்காரர்களும் மாற்றி மாற்றிக் கேட்டபோது நான் கூனிக்குறுகி நின்றது இதற்காகத்தான்.

அரிசி, ஒரு சின்ன கேஸ் அடுப்பு, இரண்டு கேன் தண்ணீர், தலையணை, பாய், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒரு நீளப் பை. நான் வாசலில் நின்று பல் குத்தியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சாந்தினி ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து வந்து, "காஞ்சனா, எங்க..." என்று ஆரம்பித்தாள். நான் ஓர் அதட்டல் போட்டேன்.

"சும்மா இரு லா! கெளம்புறவள எங்க போறேன்னு கேக்கலாமா?"

கேட்கக்கூடாது. எங்கள் வீட்டில் அது சட்டம். கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. தோட்டத்தில் இருந்த காலத்தில் யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் அப்பா திரும்பி வந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி படியிறங்குவார். நான் அவருக்கு மேலே ஒரு படி. என் பட்டறைக்குக் காடி எடுக்க வருகிறவர்களைக்கூட நான் எங்கே என்று கேட்டதில்லை.

காஞ்சனா சிரித்தாள். "போயிட்டு வரேண்ணே" என்றாள். "நல்லபடியா போயிட்டு வாம்மா" என்றேன். கரங்கானில் அத்தை வீட்டுப் பக்கம் கோயில் பூசை இருந்தது. அங்கேதான் சமைத்துப்போடப் போகிறாள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

அவளைப் பற்றி இப்படி முடிவு கட்டுவது எனக்குப் பழகிப்போன காரியம். கரங்கானுக்கு உள்ளே இருந்த தோட்டத்தில் அவள் பிறந்தபோது எனக்குப் பதினொரு வயது. கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டபோது எங்களை லயத்து வீட்டை விட்டுக் கிளம்பச் சொன்னார்கள். சுங்கைப்பட்டாணிக்கு வந்தோம். பதினெட்டு வயதில் அவள் தொழிற்சாலையில் சேர்ந்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, வாயில் கவசம், கண் மட்டும் வெளியே. சன்னல் இல்லாத அறையில் குளிர்சாதனக் காற்றில் உட்கார்ந்து, அரிசிமணியில் பாதி இருக்கும் கணினிச் சில்லுகளை லென்ஸ் வழியாகப் பார்க்கும் வேலை. இருபத்தொன்பது வருடம் அதைத்தான் பார்த்தாள். என் பட்டறை அவள் சம்பளத்தில் எழுந்தது. மாப்பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். ஒருவனை "அடுத்த வருசம் பாக்கலாம்" என்று நானே திருப்பி அனுப்பினேன். அந்த அடுத்த வருடம் வரவே இல்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போட்டதைச் சாப்பிடுவாள், கொடுத்ததை உடுத்துவாள். "என் தங்கச்சி மாதிரி ஒருத்தியைக் காட்டு பாக்கலாம்" என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கைப்பேசிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. சாயங்காலம் அடித்தேன், அணைந்து கிடந்தது. அத்தை வீட்டுக்கு அடித்தேன். "காஞ்சனாவா? அவ இந்தப் பக்கம் வந்து ஆறு மாசம் ஆச்சேப்பா" என்றார்கள்.

திங்கட்கிழமை அவளோடு வேலை செய்யும் நவமணியைத் தேடி வீட்டுக்கே போனேன். ஷிப்ட் முடிந்து வந்து பசியாறிக்கொண்டிருந்தது அந்தப் பெண்.

"காஞ்சனாக்கா வேலைய விட்டு ஒரு மாசம் ஆச்சேண்ணே. ஒங்களுக்குத் தெரியாதா?"

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை வரை தினமும் காலை ஆறே கால் மணிக்கு அவள் சீருடை போட்டுக்கொண்டு, சாந்தினி கட்டிக்கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாளே! ஒரு மாதம்! கிளம்பும்போதெல்லாம் நானும் வாசலில் நின்று கையாட்டினேனே!

"பின்ன எங்க போனா?"

"தெரியாதுண்ணே. ஓய்வு நேரத்துல ஃபோன்ல கடலு, கூடாரம், அப்படி ஏதாச்சும் பாத்துக்கிட்டே இருக்கும். நாங்க கிண்டல் பண்ணுவோம்."

வீட்டுக்கு ஓடி வந்து அவள் அறையைத் திறந்தோம். அதற்குள் செய்தி பரவிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எவனோடோ போய்விட்டாள் என்று ஒரு சித்தப்பா கைப்பேசியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். கட்டிலுக்கு அடியில் சாந்தினி ஓர் அட்டைப்பெட்டியைக் கண்டுபிடித்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. மேலே ஆரஞ்சு நிறக் கூடாரத்தின் படம். பக்கத்தில் ஒரே ஒரு மனித உருவம் வரைந்து, ஓர் ஆள் மட்டும் படுக்கலாம் என்று போட்டிருந்தது. அதைப் படம் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. ஒருவனோடு போயிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது, சத்தியமாகச் சொல்கிறேன். ஒற்றைப் பொம்பளை, ஒற்றைக் கூடாரம், எந்தக் காட்டில், எந்தக் கரையில்?

போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் எழுதிய மலாய்க்காரக் கார்ப்பரலுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். மலாயில் பொறுமையாகத்தான் கேட்டார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பினார்?"

"ஒன்பது மணிக்கு, துவான்."

"நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?"

"வாசலில்தான்."

"பேசினீர்களா?"

"பேசினேன். நல்லபடியாகப் போய் வா என்றேன்."

"எங்கே போகிறார் என்று கேட்டீர்களா?"

"அது கேட்கக்கூடாது, துவான். எங்கள் வழக்கம்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சாந்தினியைப் பார்த்தார். சாந்தினி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் எத்தனை வருடம் பதில் சொல்லவேண்டியிருக்குமோ! கார்ப்பரல் காடி எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு, எல்லா நிலையங்களுக்கும் சொல்கிறேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெராய் மலையில் மழை கொட்டியது. இருட்டுவதற்குள் செய்தி வந்துவிட்டது. யான் பக்கத்தில், மலையடிவாரத்து ஆற்றில் காட்டுவெள்ளம் ஒரே பாய்ச்சலாக இறங்கியிருக்கிறது. கரையில் போட்டிருந்த கூடாரங்களை அடித்துக்கொண்டு போய்விட்டது. தனியாக வந்திருந்த ஓர் இந்தியப் பெண்ணைக் காணவில்லை.

அன்று இரவு நாங்கள் தூங்கினோமா என்று கேட்காதீர்கள். விடிந்ததும் சாந்தினியும் நானும் யானுக்குப் போனோம். இரண்டு பக்கமும் வயல், எதிரே மலை, வானம் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது.

ஆற்றங்கரையில் ஆள் உயரத்துக்கு மரங்கள் சாய்ந்து கிடந்தன. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் ஆரஞ்சுத் துணி கிழிந்து தொங்கியது. அதைப் பார்த்ததும் சாந்தினி "ஐயோ" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. மரம் மாதிரி நின்றேன். அங்கே ஒட்டுக்கடை என்கிற சின்னச் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த மலாய்க்கார அம்மாள் வந்து விசாரித்தார். நான் கைப்பேசியில் காஞ்சனாவின் படத்தைக் காட்டினேன்.

"இவர்தான்!" என்றார். "சனிக்கிழமையிலிருந்து இங்கேதான் இருந்தார். நேற்று இங்கே மழை வருவதற்கு முன்னாடியே, ஆற்றுத் தண்ணீர் நிறம் மாறி இலைதழை வருவதைப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டார். மேலே ஓடுங்கள், மேலே ஓடுங்கள் என்று ஒவ்வொரு கூடாரமாகத் தட்டினார். என் பிள்ளைகளை அவர்தான் இழுத்து மேலே விட்டார். அப்புறம் தண்ணீர் வந்துவிட்டது. அவரை யாரும் பார்க்கவில்லை."

என் தங்கையா? வீட்டில் சத்தமாகத் தும்மக்கூட மாட்டாளே! கீழே நிறுத்தியிருந்த இரண்டு காடிகளை ஆறு கொண்டுபோயிருந்தது. ஒன்றைக் கரையில் போட்டிருந்தார்கள். வெள்ளி நிறம், அவள் காடி மாதிரியே. எண் பலகை முழுக்கச் சேறு. நான் கையாலேயே வழித்தேன். முதல் எழுத்து ஒத்துப்போனது. இரண்டாவதும் ஒத்துப்போனது. மூன்றாவது எழுத்து வேறு. அந்த ஒரு நொடியில் எனக்கு வந்த சந்தோசத்தை நினைத்து இப்போதும் வெட்கப்படுகிறேன், அது வேறு எவன் வீட்டுக் காடியோ.

இரண்டாவது காடி பாலத்துக்கு அடியில் தலைகீழாகக் கிடந்தது. இயந்திரத்தை வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடி நின்றபோதுதான் கைப்பேசி அடித்தது. கார்ப்பரல்.

"உங்கள் தங்கையின் காடி கடற்கரையில் நிற்கிறதாம். ரோந்துக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெண் மீன் பொரித்துக்கொண்டிருக்கிறாராம்."

பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். மீன்தான் பொரித்துக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் சிராய்ப்பு, ஒரு காலில் துணிக்கட்டு, முகம் வெயிலில் கறுத்துப் போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் கரண்டியைப் பிடித்தபடியே எழுந்து நின்றாள்.

"அண்ணே! நீங்க எங்க இங்க?"

கேட்டாளே கேள்வி! வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். குடும்ப மானம், போலீஸ், சித்தப்பா, நவமணி, பாறையில் தொங்கிய துணி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கடற்கரைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, நான் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஃபோன அணைச்சு வச்சிருந்தேன், அப்புறம் அத ஆறு கொண்டுபோச்சுண்ணே. கூடாரமும் போச்சு. காடிய மேல ரோட்டுல விட்டிருந்தேன், அதுலயே படுத்துக்கிட்டேன்."

"ஒரு ஒட்டுக்கடையில ஃபோன் வாங்கி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நாங்க செத்துட்டோம்டி!"

"யாரு தேடப்போறாங்கன்னு நெனச்சேன்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "நான் இங்க இருக்கேன்னே யாருக்கும் தெரியாதே."

"நீ சொன்னியா? ஒரு மாசம் வேலைக்குப் போற மாதிரி போயி..."

"இங்கதாண்ணே வந்தேன். தெனமும் கூடாரம் போட்டுப் போட்டுப் பழகினேன். மொத நாளு நீங்க கேட்டா சொல்லிடணும்னு இருந்தேன். ரெண்டாவது நாளும் அப்படித்தான். ஒரு வாரத்துக்கு அப்புறம், இவங்க கேக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சு போச்சு."

"கெளம்புறவள எங்கன்னு எப்படிம்மா கேக்குறது? அபசகுனம் இல்லையா?"

"ஒங்க மகன் கெளம்புனா 'தூரமா அய்யா?'ன்னு கேப்பீங்க. அண்ணி கெளம்புனாலும் 'தூரமா?'ன்னு கேப்பீங்க. பக்கத்து வீட்டு மருதம்மாவக்கூட கேப்பீங்க. எங்கன்னு கேக்கத்தான் கூடாது, தூரமான்னு கேக்கலாமில்ல? என்னைய இருபத்தொம்பது வருசத்துல ஒரு நாளு கேட்டிருக்கீங்களாண்ணே?"

சாந்தினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மனதுக்குள் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. அபசகுனத்துக்குப் பயந்து நான் கேட்காமல் இருந்தது மற்றவர்களை. இவளைக் கேட்காமல் இருந்ததற்குக் காரணம் வேறு. இவளுக்குப் போக ஓர் இடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஐம்பத்தெட்டு வயதில், மணலில், அத்தனை பேர் பார்க்க, செருப்படி பட்டவன்போல் நின்றேன்.

அவள் எங்களுக்கும் மீனும் சோறும் போட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரங்களைக் கழுவிக் காடியில் அடுக்க ஆரம்பித்தாள். வீட்டுக்குத்தான் கிளம்புகிறாள் என்று மறுபடியும் நானாகவே முடிவு கட்டப் போனேன். நல்லவேளை, காடியின் முகம் வடக்கே பார்த்து நின்றது.

கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். அப்போதுதான் கேட்டேன்.

"எங்கம்மா போற?"

"என்னங்க இது!" என்று சாந்தினி பதறி என் கையைப் பிடித்தாள். எனக்கும் பதறியது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

காஞ்சனா காலை வெளியே எடுத்தாள். காடியை விட்டு விலகி வந்து என் எதிரே மணலில் உட்கார்ந்தாள். கோலக் கெடா, அங்கிருந்து கோல பெர்லிஸ் என்றாள். அப்புறம் மலைப்பாதையில் நாட்டைக் குறுக்கே கடந்து பாச்சோக். அங்கிருந்து கடலை இடது பக்கம் வைத்துக்கொண்டே மாராங், செராத்திங், மெர்சிங். ஒவ்வோர் ஊரிலும் எந்த மரத்தடியில் படுக்கலாம், எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே ராத்திரியில் அலை ஏறும் என்று விரலால் மணலில் கோடு போட்டுச் சொன்னாள். தெற்கு முனையைச் சுற்றிப் போர்ட்டிக்சன் வந்தாள், லூமுட் வந்தாள். அரைமணி நேரம் பேசினாள். இத்தனை பேச்சு அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது.

"அப்புறம்?" என்றேன்.

அவள் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்புறம் நான் வீட்டுக்கு வரணுமாண்ணே?"

அண்ணன் என்ற முறையில் என் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. நல்லவேளையாக அதை விழுங்கிவிட்டேன்.

"வரணும்னு இல்லம்மா" என்றேன். "வந்தா எனக்கு நல்லாருக்கும்."

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"அடுத்த மாசக் கடைசில வந்துர்றேன்" என்றாள்.