விமலாக்கா போட்ட முதல் கதியால்

கிளிநொச்சியில் மத்தியானப் பசியோடு அலைகிறவர்களில் பாதிப் பேருக்காவது விமலாக்காவின் குசினியைத் தெரியும். கண்டி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையில் இரண்டாவது காணி. பெயர்ப்பலகை கிடையாது. மீன் குழம்பு கொதிக்கும் வாசம்தான் விளம்பரம். வங்கிப் பெடியன்களும் மருந்துக்கடைப் பிள்ளைகளும் மோட்டார் சைக்கிளில் வந்து படலையடியில் ஹோர்ன் அடிப்பார்கள். சோற்றுப் பார்சலைக் கையில் கொடுக்கும்போதே, "நேற்று ஏன் வரேல்லை? வேற கடைப் பக்கம் போனனீரோ?" என்று ஒரு குத்தும் சேர்ந்து வரும். அந்தக் குத்து இல்லாவிட்டால் சோறு இறங்காது என்று சிரித்துக்கொண்டு அவர்கள் மறுநாளும் வருவார்கள்.

விமலேஸ்வரி பிறந்தது பரந்தனில். கலியாணம் கட்டி இந்தக் காணிக்கு வந்தார். கடைசிச் சண்டையில் ஊரே எழுந்து நடந்தபோது புதுக்குடியிருப்பு, அதற்கப்பால் கடற்கரை, பிறகு செட்டிகுளத்து முகாம் கூடாரம் என்று அவரும் நடந்தார். கடற்கரையில் கணவரைப் பறிகொடுத்து, மகள் சுதாஜினியோடு மட்டும் திரும்பி வந்தார். அதைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. யாராவது கேட்டால், "அது கிடக்கட்டும், நீங்கள் சாப்பிட்டனீங்களோ?" என்பார். சாப்பிட்டிருந்தாலும் இல்லையென்று சொல்லுவதுதான் அங்கே மரியாதை.

அந்த ஒழுங்கைக்கு முதலில் திரும்பியவர் அவர்தான். வீடு இல்லை, வேலி இல்லை, எது யாருடைய காணி என்று சொல்ல ஒரு எல்லைக்கல்கூட இல்லை. இடுப்பளவுக்குப் பற்றை. மேற்கு எல்லையில் வேம்பு நின்றது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. தேடிப் பார்த்தார், வேம்பு நின்றது. அதை மூலையாகப் பிடித்துக்கொண்டு கிளுவைத் தடிகளை வெட்டிவந்து, வேர்விட்டுத் தளிர்க்கும் கதியாலாக ஊன்றி வேலி அடைத்தார். பின்னால் வந்த குகதாசன் அந்த வேலியிலிருந்து அளந்து தன் வேலியைப் போட்டார். அவருக்கு அடுத்த காணி ஜெயரூபி, குகதாசனின் வேலியிலிருந்து அளந்தாள். வீதியோரத்து முதல் காணிக்காரர் கனடாவில் இருந்தபடியே ஆள் பிடித்து, விமலாக்காவின் வேலியிலிருந்து வீதிப்பக்கமாய் அளந்து அடைப்பித்தார். ஒழுங்கை மறுபடியும் ஒழுங்கையானது. ஜெயரூபியின் காணிக்கும் கடைசியில் இருக்கிற வைரவர் கோயிலுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் மிச்சமாய்க் கிடந்ததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. வைரவரின் நாய் படுக்கவும் இடம் வேண்டும்தானே என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு நகரம் வளர்ந்தது. கண்ணாடி போட்ட கட்டடங்கள், கலியாண மண்டபம், உள்ளே போனால் குளிர் பிடிக்கிற உடுப்புக்கடை. பாம்புக்குப் பயந்து தடியால் தட்டித் தட்டி நடந்த இடத்தில் இப்போது காணி விலையைக் கேட்டுத்தான் ஆட்கள் வெருண்டார்கள். சுதாஜினி கலியாணம் கட்டி வவுனியாவில் இருந்தாள். தொலைபேசி எடுத்தால் ஒரே பாட்டுத்தான்.

"அம்மா, நல்ல விலை வரேக்க வித்துப்போட்டு இங்க வாங்கோவன்."

"வந்து? உங்கட வீட்டில மூண்டு பேர். நான் வடிக்கிற சோத்தை ஆர் சாப்பிடுறது?"

வீதியோரத்து முதல் காணியை ரஜிதன் வாங்கினான். இதே நகரத்தில் பிறந்து, சின்னனில் சுவிசுக்குப் போய், முப்பத்தைந்து வயதில் திரும்பி வந்தவன். கீழே கடைகள், மேலே தங்கும் அறைகள் என்று நாலு மாடி கட்டப்போகிறானாம். ஒழுங்கை கொஞ்சம் முணுமுணுத்தது. விமலாக்காவுக்கோ உள்ளுக்குள் ஒரே புளுகமும் சந்தோசமும். நாலு மாடி கட்டுவதென்றால் எத்தனை மேசன்மார், எத்தனை வயிறு! சோற்றுக்கு இன்னொரு பெரிய பானை வாங்கி வைத்தார்.

பானை வாங்கி அடுத்த கிழமை, காணி அளக்கிற சேவையர் வந்தார். அளந்துகொண்டே வந்தவர் வேலியில் நிற்கவில்லை. வேலியைத் தாண்டினார், முற்றத்தைத் தாண்டினார், செருப்பைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் வந்தார். சீமெந்து நிலத்தில் முளை அடிக்க முடியாததால், அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில் சிவப்புப் பெயின்றால் ஒரு புள்ளடி போட்டார். எல்லை அதுதானாம். விமலாக்கா அகப்பையோடு நின்று அந்தப் புள்ளடியையே பார்த்தார்.

"என்ன தம்பி, என்ர அடுப்பு ஆரின்ர காணியில நிக்குது?"

சேவையர் பாவம், ரஜிதனைத் திரும்பிப் பார்த்தார். ரஜிதன் தலையைச் சொறிந்தான்.

"அன்ரி, என்ர முன்வேலி நாலடி வீதிக்குள்ள நிக்குதாம். பின்னுக்கு எடுத்தால்தான் கட்டட அனுமதி தருவினமாம். நான் பின்னுக்கு வந்தால் உங்கட குசினிக்குள்ளதான் வருவன். இந்த ஒழுங்கை முழுக்க நாலடி வீதிப்பக்கம் தள்ளி நிக்குது. ஏனெண்டு சேவையருக்கே விளங்கேல்லை."

விமலாக்காவுக்கு விளங்கிவிட்டது. அவருடைய மாமனார் காலத்தில் அந்த எல்லையில் நின்றது ஒரு வேம்பல்ல, இரண்டு. எல்லை மேற்கால நின்ற வேம்பு. அது சண்டையில் எரிந்து அடையாளமில்லாமல் போக, வீதிப்பக்கமாய் நாலடி கிழக்கால நின்றதைப் பிடித்துக்கொண்டு அவர் கதியால் போட்டுவிட்டார். அவருடைய வேலியை நம்பி ஒழுங்கையே அளந்தது.

அன்றைக்குக் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார். குசினி போனால் அவருக்குப் பிழைப்புப் போச்சு. வேறு இடத்தில் கட்டவும் வழியில்லை. வீட்டின் கிழக்குப் பக்கத்தில் குசினி. மேற்குப் பக்கத்தில் வீட்டுக்கும் குகதாசனின் எல்லைக்கும் நடுவில் ஒரு ஆள் சரிந்து போகிற அளவு இடம்தான். அந்த எல்லையில் இப்போது வேலியும் இல்லை. போன வருசம்தான் குகதாசன் அங்கே மதில் கட்டினார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி அவர். வாழ்நாளெல்லாம் ஓட்டிய பஸ்ஸை மினுக்கியதுபோல இந்த மதிலை மினுக்கினார். ஒரு சைக்கிள் சாத்த விடமாட்டார். காகம் இருந்தாலே கை தட்டுவார்.

பின்னேரம் அந்த மதிலடியில் எல்லோரும் கூடினார்கள். விமலாக்கா ஒன்றையும் ஒளிக்கவில்லை.

"பிழை என்ரதான். மற்ற வேம்பை மறந்துபோனன். நீங்கள் எல்லாரும் என்ர வேலியைப் பாத்துத்தான் அளந்தனீங்கள். அதால ஒருத்தரும் உங்கட வேலியைத் தொடவேண்டாம். நாலடி போறதெண்டால் என்ர காணியில போகட்டும்."

"அதென்னண்டு?" என்று குகதாசன் குரலை உயர்த்தினார். "இத்தனை வருசம் ஆண்ட காணி. நாங்கள் வழக்குப் போடலாம்."

"வழக்கு முடியிறதுக்குள்ள நான் முடிஞ்சிடுவன் அண்ணை. அந்தப் பெடியனும் எங்களை ஏமாத்த வரேல்லை. தன்ர காணியைத்தானே கேக்கிறான்."

"அப்ப குசினிக்கு என்ன செய்வீங்கள் அக்கா?" என்று ஜெயரூபி கேட்டாள்.

எல்லோருடைய கண்ணும் மதிலில் போய் நின்றது. மதில் நாலடி நகர்ந்தால் மேற்குப் பக்கத்தில் ஒரு குசினி தாராளமாய் எழும்பும். குகதாசன் நாலடியை ஜெயரூபி பக்கம் எடுக்கலாம், ஜெயரூபி வைரவரின் நாய் படுக்கிற துண்டில் எடுக்கலாம், ஒருவருக்கும் ஒரு விரற்கடை குறையாது. கணக்கு எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் புது மதிலை இடி என்று யார் அந்த மனிசனிடம் வாய் விடுவது? குகதாசன் மதிலைத் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனார். விமலாக்கா அவரைக் குறை நினைக்கவில்லை. வவுனியாவுக்கு எதையெதைக் கொண்டுபோவது என்று யோசித்தார். பெரிய பானையை நினைக்க அழுகை வந்தது.

விடிய, அரிசி கழுவும்போது டொம் டொம் என்று சத்தம் கேட்டது. ரஜிதனின் ஆட்கள் அதற்குள் உடைக்கத் தொடங்கிவிட்டார்களா என்று பதறிக்கொண்டு வெளியே வந்தார். கிழக்குப் பக்கம் அமைதியாக இருந்தது. சத்தம் மேற்கிலிருந்து வந்தது. குகதாசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சம்மட்டியால் தன் மதிலை அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி ராஜினி தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார்.

"அண்ணை, என்ன வேலை இது!"

"அத்திவாரம் சரியில்லை. எப்பிடியும் வெடிச்சிருக்கும்" என்றார் குகதாசன், முகத்தைக் காட்டாமல்.

"பொய்" என்றார் ராஜினி. "ராத்திரி முழுக்க இவர் நித்திரை கொள்ளேல்லை."

அதற்குப் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. ஜெயரூபி தன் வேலியைப் பிடுங்கி நகர்த்தினாள். நாய் ஒரு நாள் முறைத்துக்கொண்டு போய்க் கோயில் வாசலில் படுத்தது. ரஜிதன் தன்னுடைய மேசன்மாரை அனுப்பி மேற்குப் பக்கத்தில் புதுக்குசினி எழுப்பினான்; பழையதைவிட அகலம், புகை போகக் கூண்டும் வைத்தது. "சாப்பாடு நிண்டால் என்ர ஆக்கள் வேலையை விட்டிட்டுப் போடுவினம் அன்ரி, அதுக்குத்தான்" என்றான். அது முழுப் பொய்யுமில்லை. புதுக்குசினி முடியும்வரை விமலாக்கா முற்றத்தில் தறப்பாளைக் கட்டி, கல்லடுப்பு மூட்டி, ஒரு நாளும் நிறுத்தாமல் சமைத்தார். வங்கிப் பெடியன்கள் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்று வாங்கினார்கள்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்து நிலம் இளகியதும் குகதாசன் ஒரு கட்டுக் கிளுவைத் தடியோடு வந்தார். மதில் இனி வேண்டாம், கதியால் போதும் என்றார். சேவையர் அளந்து அடித்த முளை புது எல்லையில் நின்றது. ஜெயரூபியும் ராஜினியும் குழி தோண்ட அலவாங்கோடு வந்திருந்தார்கள். குகதாசன் ஒரு தடியை எடுத்து விமலாக்காவிடம் நீட்டினார்.

"முதல் கதியாலை நீர் போடும்."

"நல்ல ஆளைப் பாத்தீங்கள். போன முறை நான் போட்டுத்தானே இவ்வளவு கூத்தும்."

குகதாசன் சிரிக்கவில்லை.

"விமலா, அண்டைக்கு பஸ்ஸால இறங்கி நிக்கேக்க எது என்ர காணியெண்டு எனக்குத் தெரியேல்லை. ஒரே பத்தை. திரும்பிப் போவம் எண்டு இவள் ராஜினி றோட்டில இருந்து அழுதவள். அந்தப் பத்தைக்குள்ள உம்மட வேலி மட்டும் தெரிஞ்சது. பச்சைக் கதியால், கயித்தில உடுப்புக் காயுது. ஆரோ வந்திட்டினம், அப்ப நாங்களும் இருக்கலாம் எண்டு அதைப் பாத்துத்தான் உள்ளுக்கு வந்தனாங்கள். நாலடி பிழைச்சால் என்ன? போடும்."

விமலாக்கா கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, முளைக்குப் பக்கத்தில் கிளுவையை ஊன்றி, இரண்டு காலாலும் மண்ணை மிதித்து இறுக்கினார். ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. மற்றவர்கள் அதிலிருந்து அளக்கத் தொடங்கினார்கள்.